வெறுங்கால் வீரர் அபெபெ பிகிலா

(கற்போர் வட்டக் கூட்டத்தில் வாசிப்பதற்கான உரை)



இன்றைய உரை ஓர் ஓட்டக்காரரைப் பற்றியது. அவர் பெயர் அபெபெ பிகிலா. ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா என்ற நாட்டில் பிறந்தவர். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை. காலில் செருப்பு இல்லாமல் ஓடி உலகத்தையே வென்றவர். பிறகு அந்தக் கால்களையே இழந்தவர். அப்படி இழந்த பிறகும் விளையாட்டை விடாதவர்.

அவருடைய வாழ்க்கையில் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதி, வெறுங்காலோடு ஓடியது. இரண்டாவது பகுதி, காலணியோடு ஓடியது. மூன்றாவது பகுதி, சக்கர நாற்காலியில் இருந்தது. முதல் இரண்டையும் உலகம் நன்றாக அறியும். மூன்றாவது பகுதியை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை அந்தப் பகுதிதான் சொல்கிறது.

மாரத்தான் என்றால் என்ன?

அபெபெ ஓடிய ஓட்டத்துக்கு மாரத்தான் என்று பெயர். அதன் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். நம்மில் யாராவது இந்தத் தூரத்தை நடந்தே போனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்தில்தான் போய்ச் சேர முடியும்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் மாரத்தான் என்ற இடத்தில் ஒரு போர் நடந்தது. கிரேக்கர்கள் வென்றார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்ஸ் நகரம்வரை ஓடினான். செய்தியைச் சொன்னதும் விழுந்து உயிரை விட்டான். இப்படி ஒரு கதை. அந்த நினைவாக 1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். அதில் வென்றவர் பெயர் ஸ்பிரிடோன் லூயிஸ். அவர் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஓர் ஏழைக் கிரேக்கர்.

இப்போதுள்ள தூரத்தை 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதலில் ஓடினார்கள். பிறகு அதுவே நிலையான அளவாயிற்று.

குறைந்த தூர ஓட்டத்துக்கு வேகம் போதும். மாரத்தானுக்கு அது மட்டும் போதாது. மூச்சு வேண்டும், பொறுமை வேண்டும். ஓட்டம் முடிவதற்குப் பல கிலோமீட்டர் முன்பே உடம்பில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து போகும். கால் மரத்துப் போகும். "போதும், நில்" என்று உடம்பு சொல்லும். அதற்கு மேலும் ஓட வேண்டும்.

மலைநாட்டுப் பிள்ளை

அபெபெ 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி பிறந்தார். ஊர் பெயர் ஜாட்டோ. மலைப்பாங்கான சின்னக் கிராமம். சிறு வயதில் ஆடு மேய்த்தார். ஆட்டுக்குப் பின்னால் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுவதுதான் அவருக்கு விளையாட்டு.

அவருக்கு மூன்று வயது ஆனபோது நாட்டுக்குப் பெரிய துன்பம் வந்தது. 1935-இல் இத்தாலி நாடு எத்தியோப்பியாமீது படையெடுத்தது. அப்போது இத்தாலியை ஆண்டவர் முசோலினி என்ற சர்வாதிகாரி. இத்தாலியிடம் விமானம் இருந்தது, குண்டு இருந்தது, விஷவாயு இருந்தது. எத்தியோப்பிய மக்களிடம் இருந்தது துணிச்சல்தான். நாடு 1936-இல் இத்தாலியின் கைக்குப் போனது. 1941-இல்தான் மீண்டது.

அடிமைப்பட்ட காலத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. எத்தியோப்பியாவில் அக்சும் என்ற பழைய நகரம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 1,700 ஆண்டுப் பழமையான கல்தூண் ஒன்று இருந்தது. நம் ஊர்க் கோயில் கோபுரம்போல் அந்த மக்களுக்கு அது பெருமைச் சின்னம். உயரம் 24 மீட்டர். எடை ஏறக்குறைய 160 டன். முசோலினியின் ஆட்கள் 1937-இல் அதைத் துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றினார்கள். இத்தாலியின் தலைநகரான ரோமில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இந்தத் தூணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

அபெபெ வளர்ந்து இளைஞரானார். பிழைப்புத் தேடித் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குப் போனார். பேரரசர் ஹைலி செலாசியின் மெய்க்காவல் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்தப் படைக்குப் பயிற்சி கொடுக்க ஒன்னி நிஸ்கானன் என்ற ஸ்வீடன் நாட்டவர் இருந்தார். அபெபெயின் ஓட்டத்தைப் பார்த்ததும் நிஸ்கானனுக்கு அதன் அருமை தெரிந்துவிட்டது. மலைச்சாலைகளில் அவரை ஓடவிட்டுப் பழக்கினார்.

அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. நம்முடைய உதகமண்டலத்தைவிட உயரம். அவ்வளவு உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக் கொள்கிறது. மலையில் பழகியவர் தாழ்வான இடத்துக்கு வந்து ஓடினால் மூச்சு எளிதாக இருக்கும். எத்தியோப்பியர்கள் நெடுந்தூர ஓட்டத்தில் சிறந்து விளங்க இதுவும் ஒரு காரணம். ஆனால் மலையில் பிறந்தவர் எல்லாரும் வீரர் ஆகிவிடவில்லை. மழையிலும் குளிரிலும் தினமும் ஓடினால்தான் ஆக முடியும். அபெபெ ஓடினார்.

ரோம் நகரத்து இரவு

1960-ஆம் ஆண்டு ரோமில் ஒலிம்பிக் நடந்தது. நம் நாட்டு மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து, பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டாரே, அதே ஒலிம்பிக்தான்.

எத்தியோப்பியாவின் அணியில் அபெபெயும் இருந்தார். வயது 28. வெளிநாட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. ரோமில் கிடைத்த புதுக் காலணிகள் அவர் காலுக்குப் பொருந்தவில்லை. போட்டுக்கொண்டு ஓடினால் கொப்புளம் வரும் போலிருந்தது. ஊரில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் அவர். நிஸ்கானனும் அவரும் கலந்து பேசினார்கள். வெறுங்காலோடு ஓடுவது என்று முடிவாயிற்று.

செப்டம்பர் 10-ஆம் தேதி மாலை மாரத்தான் தொடங்கியது. ரோமில் அது வெயில் காலம். அதனால்தான் மாலையில் வைத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் வரிசையில் நின்றார்கள். அபெபெயின் சட்டையில் 11 என்ற எண். காலில் ஒன்றும் இல்லை. அவர் வெல்வார் என்று அங்கே எதிர்பார்த்தவர் மிகக் குறைவு.

நிஸ்கானன் ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருந்தார். மொராக்கோ நாட்டு வீரர் ராதி பலமான போட்டியாளர். அவர் 26-ஆம் எண் சட்டையில் வருவார். அவரைக் கவனித்துக்கொள். இதுதான் எச்சரிக்கை. அபெபெ 26-ஐத் தேடிக்கொண்டே ஓடினார். காணவில்லை. 185 என்ற எண்ணோடு ஒருவர் மட்டும் விடாமல் கூடவே வந்தார். 26 இன்னும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று அபெபெ நினைத்தார். உண்மையில் கூட ஓடிய அந்த 185-தான் ராதி. கடைசி நேரத்தில் எண் மாறிவிட்டது.

பொழுது சாய்ந்தது. இருட்டியது. அப்பியா சாலை என்பது ரோமானியர்கள் காலத்தில் கல் பாவிய பழைய சாலை. அங்கே வெளிச்சத்துக்காகச் சிப்பாய்கள் கையில் பந்தம் ஏந்தி வழிநெடுக நின்றார்கள். அந்தத் தீவட்டி வெளிச்சத்தில் இருவர் மட்டும் முன்னால் ஓடினார்கள். ஒருவர் காலில் காலணி. மற்றவர் வெறுங்கால். இருவரும் ஆப்பிரிக்கர்கள்.

ஓட்டம் முடியச் சிறிது தூரமே இருந்தது. அங்கே ஓர் உயரமான கல்தூண் தெரிந்தது. அக்சும் தூண்! எத்தியோப்பியாவிலிருந்து கொள்ளை போன அதே தூண். அபெபெயும் நிஸ்கானனும் பாதையை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்கள். வேகம் எடுக்க வேண்டிய இடம் அதுதான் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த இடம் வந்தது. அபெபெ வேகத்தைக் கூட்டினார். ராதி பின்தங்கினார்.

கான்ஸ்டன்டைன் வளைவு என்ற பழைய வாயிலின் அடியில் ஓட்டம் முடிந்தது. அபெபெ முதலாவதாக வந்தார். நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 நொடி. அதுவரை யாரும் மாரத்தானை இவ்வளவு குறைந்த நேரத்தில் ஓடியதில்லை. முந்தைய சாதனையைவிட ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசம். ராதி 25 நொடி கழித்து வந்தார்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 12 நொடி. மணிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். நல்ல சைக்கிளில் விடாமல் வேகமாக மிதித்தால்தான் அவரோடு போக முடியும். அந்த வேகத்தில் இரண்டேகால் மணி நேரம், கல்லிலும் தாரிலும் வெறுங்காலோடு ஓடினார்.

எந்த நகரத்திலிருந்து படை கிளம்பி வந்து எத்தியோப்பியாவை அடிமைப்படுத்தியதோ, அதே நகரத்தில் எத்தியோப்பியச் சிப்பாய் ஒருவர் வென்றார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. சாலையோரம் நின்ற ரோம் நகரத்து மக்களே கை தட்டினார்கள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் ஒலிம்பிக்கில் வென்ற முதல் தங்கப் பதக்கம் அதுதான். அந்த 1960-ஆம் ஆண்டில்தான் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அதனால் அபெபெயின் வெற்றியை ஆப்பிரிக்க மக்கள் பலரும் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

அந்தத் தூண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பல ஆண்டுகள் கேட்டு, பல ஆண்டுகள் பேசி, கடைசியில் 2005-இல் இத்தாலி அதைத் திருப்பிக் கொடுத்தது. 2008-இல் அது மறுபடி அக்சும் நகரில் நிமிர்ந்து நின்றது.

மறுபடியும் தங்கம்

ஒரு முறை வென்றவர் மறுமுறையும் வெல்வது அரிது. அதுவரை ஒலிம்பிக் மாரத்தானில் ஒருவரும் இரண்டு முறை வென்றதில்லை.

அபெபெ ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஜப்பானில் ஓடினார். கிரேக்கத்தில் ஓடினார். செக்கோஸ்லோவாக்கியாவில் ஓடினார். 1963-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மாரத்தானில் ஐந்தாவதாக வந்தார். தோற்றபோதும் பயிற்சியை விடவில்லை.

அடுத்த ஒலிம்பிக் 1964-இல் ஜப்பான் தலைநகர் டோக்கியோவில். போட்டிக்கு ஆறு வாரம்கூட இல்லாத நேரத்தில் அபெபெக்குக் கடுமையான வயிற்றுவலி. குடல்வால் வீங்கிவிட்டது. உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வயிற்றைக் கிழித்துத் தையல் போட்ட ஒருவர் சில வாரங்களில் 42 கிலோமீட்டர் ஓடுவதா? நடக்காத காரியம் என்றுதான் பலரும் எண்ணினார்கள். அபெபெ தேறியதும் மெல்ல மெல்லப் பயிற்சியைத் தொடங்கினார்.

அக்டோபர் 21-ஆம் தேதி டோக்கியோவில் ஓட்டம் நடந்தது. இந்த முறை காலணி போட்டுக்கொண்டு ஓடினார். பாதித் தூரத்துக்கு முன்பே எல்லாரையும் முந்தினார். பிறகு அவர் பக்கத்தில் யாரும் இல்லை. மைதானத்துக்குள் தனியாக நுழைந்தார். நேரம் 2 மணி 12 நிமிடம் 11.2 நொடி. மறுபடியும் உலக சாதனை. இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்கு இன்னும் நான்கு நிமிடம் ஆயிற்று.

அந்த நான்கு நிமிடத்தில் அபெபெ என்ன செய்தார் தெரியுமா? மற்றவர்கள் ஓடி முடித்ததும் களைத்துப் போய் விழுவார்கள். அபெபெ புல்தரையில் படுத்துக் காலைத் தூக்கியும் மடக்கியும் உடற்பயிற்சி செய்தார். அரங்கில் இருந்த பல்லாயிரம் பேர் வியந்து பார்த்தார்கள்.

நாடு அவரைக் கொண்டாடியது. படையில் பதவி உயர்ந்தது. பேரரசர் அவருக்கு ஒரு கார் பரிசளித்தார்.

1968-இல் மெக்சிகோவில் மூன்றாவது முறையும் ஓடினார். ஆனால் காலில் காயம். வலியோடுதான் கிளம்பினார். 17 கிலோமீட்டர் ஓடியபின் நிற்க வேண்டியதாயிற்று. அன்று வென்றவரும் ஓர் எத்தியோப்பியர்தான். பெயர் மாமோ வோல்டே. அபெபெயோடு சேர்ந்து பயிற்சி செய்தவர். அபெபெயால் முடியாமல் போன நாளில், அவர் போட்ட பாதையில் இன்னொருவர் போய்ச் சேர்ந்தார்.

ஒரு இரவில் எல்லாம் மாறியது

1969-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அபெபெ பேரரசர் கொடுத்த அந்தக் காரை ஓட்டிக்கொண்டு இரவில் போய்க்கொண்டிருந்தார். கார் கவிழ்ந்தது. அவர் உள்ளே சிக்கிக்கொண்டார். விடிந்த பிறகுதான் வெளியே எடுத்தார்கள். முதுகுத்தண்டில் பலமான அடி.

முதுகுத்தண்டு வெறும் எலும்பு மட்டும் அல்ல. அதற்குள்ளே ஒரு நரம்புக் கயிறு போகிறது. மூளை சொல்வதைக் கைக்கும் காலுக்கும் கொண்டுபோவது அந்த நரம்புதான். அது அறுந்தாலும் நசுங்கினாலும், மூளை "நட" என்று சொல்வது காலுக்குப் போய்ச் சேராது. கால் இருக்கும். ஆனால் அசையாது. தொட்டாலும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு செய்தியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்தில் அடிபட்டவரை அவசரத்தில் கையைப் பிடித்தும் காலைப் பிடித்தும் இழுத்துத் தூக்குவது நம் ஊர்களில் வழக்கம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அது பெரிய ஆபத்து. நசுங்கிய நரம்பு அறுந்தே போகலாம். 108-ஐ அழைத்து வண்டி வரும்வரை அவரை அசைக்காமல் வைத்திருப்பது நல்லது. தூக்கியே ஆக வேண்டும் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து, கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையின்மேல் கிடத்தித் தூக்க வேண்டும்.

அபெபெயை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. பல மாதம் அங்கே இருந்தார். தொடக்கத்தில் கையும் காலும் இரண்டுமே அசையவில்லை. சிகிச்சையால் கைகள் தேறின. கால்கள் தேறவில்லை. இனி நடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். ஒரு பாடகருக்குக் குரல் போனால் எப்படி? ஒரு நெசவாளிக்குக் கை போனால் எப்படி? உலகத்திலேயே வேகமாக நெடுந்தூரம் ஓடியவருக்குக் கால் போனது. வயது 36. வீட்டில் மனைவி, குழந்தைகள். "என் காலம் முடிந்தது" என்று அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வில்லை எடுத்த கை

அந்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கியவர் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூதர் அவர். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், 1944-இல் அந்தப் பிரிவு தொடங்கியது. குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த சிப்பாய்கள் அங்கே வந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களைக் காப்பாற்ற முடியாது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்து, முதுகில் புண் வந்து, சிறுநீர்ப் பையில் சீழ் பிடித்துப் பெரும்பாலோர் இறந்தார்கள்.

குட்மன் முதலில் ஒரு எளிய வேலையைச் செய்தார். நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். புண் வருவது குறைந்தது. சாவும் குறைந்தது. அடுத்து அவர்கள் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். விளையாட்டு கைக்கும் தோளுக்கும் பலம் கொடுக்கும். அதைவிட, மனத்துக்குப் பலம் கொடுக்கும். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு போட்டி வைத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து 16 பேர் அம்பு எய்தார்கள். அந்தச் சிறிய போட்டி ஆண்டுதோறும் வளர்ந்தது. 1960-இல் அதை ரோமில் நடத்தினார்கள்.

ஆம், அதே ரோம். அதே ஆண்டு. அதே மாதம். அபெபெ வெறுங்காலோடு ஓடி வென்ற எட்டாவது நாள், அதே நகரத்தில், நடக்க முடியாதவர்களின் உலகப் போட்டி தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளின் முதல் ஒலிம்பிக் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். பாராலிம்பிக் என்று அதற்குப் பெயர். அன்று அபெபெக்கு அதைப் பற்றி எண்ண ஒரு காரணமும் இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து, அந்தப் போட்டி பிறந்த மருத்துவமனைக்கே அவர் நோயாளியாக வந்து சேர்ந்தார்.

அபெபெ வில்லை எடுத்தார். ஓட்டத்துக்குப் பழகியது போலவே வில்லுக்கும் பழகினார். 1970-இல் ஸ்டோக் மாண்டவிலில் நடந்த சக்கர நாற்காலிப் போட்டியில் அம்பு எய்யும் வீரராகக் கலந்துகொண்டார். அங்கே அவர் உலக வீரர் அல்ல. புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர். இரண்டு முறை உலகத்தை வென்றவர், கற்றுக்குட்டியாக வரிசையில் நிற்க வெட்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு நார்வே நாட்டுக்கு அவரை விருந்தினராக அழைத்தார்கள். அங்கேயும் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிதான். விருந்தினர் என்றால் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காரலாம். அபெபெ உட்காரவில்லை. அம்பு எய்தார். மேசைப்பந்து ஆடினார். பனிமேல் வழுக்கிச் செல்லும் வண்டிப் பந்தயத்திலும் இறங்கினார். அந்தப் பந்தயத்தில் முதலாவதாகவும் வந்தார்! வெயில் நாட்டுக்காரர், கால் வழங்காதவர், பனி நாட்டில் வென்றார்.

1972-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒலிம்பிக். அபெபெ சக்கர நாற்காலியில் அரங்குக்குள் வந்தார். அரங்கில் இருந்த மக்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த முறை மாரத்தானில் வென்றவர் அமெரிக்காவின் பிராங்க் ஷார்ட்டர். பதக்கம் வாங்கியதும் அவர் அபெபெயிடம் போய்க் கை குலுக்கினார்.

அடுத்த ஆண்டு, 1973 அக்டோபர் 25-ஆம் தேதி அபெபெ காலமானார். மூளையில் இரத்தக் கசிவு. வயது 41. விபத்தின் விளைவு கடைசிவரை அவரை விடவில்லை. பேரரசரும் பல்லாயிரம் மக்களும் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டார்கள். நாடு முழுவதும் துக்கம் அனுசரித்தது.

அவர் விட்டுச் சென்றது

அபெபெக்குப் பிறகு எத்தியோப்பியாவில் வீரர்கள் வரிசையாக வந்தார்கள். மிருட்ஸ் யிஃப்டர் வந்தார். ஹைலி கெப்ரசெலாசி வந்தார். பெண்களும் வந்தார்கள். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் டெரார்ட்டு துலு தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் அவர்தான். 1996-இல் ஃபாத்துமா ரோபா பெண்கள் மாரத்தானில் வென்றார். ஏழை நாடு என்று உலகம் சொல்லும் நாட்டிலிருந்து இத்தனை பேர். முதலில் ஒருவர் ஓடிக் காட்டினார். அதைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள்.

2010-இல் ரோம் நகர மாரத்தானை அபெபெ வென்ற ஐம்பதாம் ஆண்டு நினைவாக நடத்தினார்கள். அதில் முன்னால் வந்தவர் சிராஜ் கேனா என்ற எத்தியோப்பியர். முடிவுக் கோட்டை நெருங்கும்போது அவர் நின்றார். காலணிகளைக் கழற்றினார். மீதித் தூரத்தை வெறுங்காலோடு ஓடி முடித்தார்.

அபெபெயின் மூன்றாவது பகுதி வாழ்க்கைக்கும் தொடர்ச்சி உண்டு. அது நம் நாட்டிலும் உண்டு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் நம் இராணுவத்தில் இருந்தவர். குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு நீச்சலுக்கு மாறினார். அபெபெ மியூனிக் அரங்குக்கு வந்த அதே 1972-இல், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்களில் பலர் அறிவீர்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியது. தாய் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளை 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார்.

இத்தனையும் கேட்டபின் ஒரு கேள்வி எழும். அபெபெ விளையாட்டை ஏன் அவ்வளவு நேசித்தார்? பதக்கத்துக்காகவா? பதக்கம் முன்பே கிடைத்துவிட்டது. பணத்துக்காகவா? சக்கர நாற்காலிப் போட்டியில் அந்தக் காலத்தில் பணம் இல்லை. புகழுக்காகவா? அவருக்கு இருந்த புகழுக்கு மேல் அம்பு எய்து என்ன புகழ் வரப் போகிறது? காலையில் எழுந்ததும் உடம்பைப் பழக்க வேண்டும், நேற்றைவிட இன்று கொஞ்சம் முன்னேற வேண்டும் என்பது அவர் இரத்தத்தில் ஊறிய பழக்கம். ஓட்டம் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நம் தெருவிலும் நடக்க முடியாதவர்கள் இருப்பார்கள். திண்ணையில் உட்கார வைத்து, நேரத்துக்குச் சோறு போட்டால் கடமை முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை பந்து எறிய ஆசைப்படலாம். அந்தப் பெண் நீந்த ஆசைப்படலாம். யாராவது கேட்டால்தானே தெரியும்? இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.



கலந்து பேசுங்கள்

1. ரோமில் வேகம் எடுக்க அபெபெ எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்? அந்த இடத்துக்கும் அவர் நாட்டுக்கும் என்ன தொடர்பு?

2. முதுகில் அடிபட்டவரை எப்படித் தூக்க வேண்டும்? நான்கு பேர் சேர்ந்து செய்து காட்டுங்கள்.

3. குட்மன் செய்த எளிய வேலை எது? படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அது எப்படி உதவும்?

4. உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குச் சக்கர நாற்காலி போக வழி இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம் கேட்கலாம்?